நாய்க்கும் சேர்த்து ரூம் கேட்பவர்களுக்கு...

"நாய் இருக்குன்னு முன்னாடியே சொன்னா ரூம் தர மாட்டேங்கிறாங்க. அதனால நாங்க சொல்றதே இல்லை."

நாய் வளர்க்கிறவர்கள் ஊர் சுற்றிவிட்டு வந்து பெருமையாகச் சொல்லும் வசனம் இது. சொல்லிவிட்டு ஒரு சிரிப்பு வேறு. பின்பக்கப் படி வழியாக எப்படி ஏற்றினோம், போர்வையில் எப்படிச் சுற்றினோம், ரிசப்ஷனில் இருந்தவர் டீ குடிக்கப் போன கேப்பில் எப்படி லிஃப்டுக்குள் நுழைந்தோம் என்று ஒரு சாகசக் கதை. கேட்கிறவர்களும் "செம!" என்பார்கள். எனக்கு மட்டும் அந்த இடத்தில் சிரிப்பு வருவதில்லை. காரணம் இருக்கிறது, சொல்கிறேன்.

முதலில் ஒரு விஷயம். நான் நாய்க்கு எதிரி கிடையாது. நாயை வீட்டில் கட்டிப்போட்டுவிட்டுத்தான் ஊருக்குப் போக வேண்டும் என்று சொல்கிற கட்சியும் இல்லை. நாலு நாள் பூட்டின வீட்டுக்குள் ஒரு ஜீவனை விட்டுவிட்டு, பக்கத்து வீட்டுக்காரரைச் சோறு போடச் சொல்லிவிட்டுக் கிளம்புவதைவிடக் கூடவே கூட்டிக்கொண்டு போவது எவ்வளவோ மேல். போகிற இடத்தில் எப்படி நடந்துகொள்வது என்பதுதான் கேள்வி. நாயைச் சொல்லவில்லை. அதற்கு வீடு என்ன, லாட்ஜ் என்ன. கூட்டிக்கொண்டு வருகிற நம்மைத்தான் சொல்கிறேன்.

என் மாமா ஒருவர் கும்பகோணத்தில் ஒரு லாட்ஜில் மேனேஜர். லீவு நாட்களில் நான் போய் உட்கார்ந்து கணக்கு எழுதிக் கொடுப்பேன் (பி.காம் படிக்கிறவனை வேறு எதற்குக் கூப்பிடுவார்கள்!). அதனால் கவுன்ட்டருக்கு உள்பக்கம் இருந்து கொஞ்சம் வேடிக்கை பார்த்திருக்கிறேன். ஊட்டி, கொடைக்கானல் மாதிரி எங்கள் பக்கம் யாரும் சும்மா வந்து தங்குவதில்லை. பெரும்பாலும் கோயில் கும்பல்தான். பெரிய கோயில், தாராசுரம், சுவாமிமலை. நவக்கிரகச் சுற்று என்றால் சூரியனார்கோயில், திங்களூர், வைத்தீஸ்வரன்கோயில், திருவெண்காடு, ஆலங்குடி, கஞ்சனூர், திருநள்ளாறு, திருநாகேஸ்வரம், கீழப்பெரும்பள்ளம் என்று ஒன்பது ஊர். ராத்திரி பதினோரு மணிக்கு வந்து படுப்பார்கள். விடிகாலை நாலு மணிக்குத் தலைக்கு ஊற்றிக்கொண்டு கிளம்புவார்கள். நடுவில் கிடைப்பது நாலைந்து மணி நேரத் தூக்கம். அந்த நேரத்தில் பக்கத்து ரூமில் ஒரு நாய் குரைத்தால்? லாட்ஜ் காரிடார் என்பது வெறும் டைல்ஸ் தரையும் மொட்டைச் சுவரும். ஒருத்தர் தும்மினால் மூன்று ரூம் தள்ளிக் கேட்கும்.

நாயோடு வருகிறவர்கள் பெரும்பாலும் காரில்தான் வருகிறார்கள். ரயிலில் கொண்டுவருவது லேசில்லை. முதல் வகுப்பில் இரண்டு பெர்த் கூபேயோ நாலு பெர்த் கேபினோ முழுவதையும் நாமே எடுத்தால்தான் நாயைக் கூட வைத்துக்கொள்ளலாம். இல்லையென்றால் கார்டு இருக்கும் பிரேக் வேனில் நாய்க்கென்று உள்ள பெட்டி. ஸ்லீப்பர், மூன்றாம் ஏசி, இரண்டாம் ஏசி எதிலும் கிடையாது. கெடுபிடியான விதிதான். ஆனாலும் எழுதி வைத்திருக்கிறார்கள், டிக்கெட் எடுக்கும் முன்பே தெரிந்துவிடுகிறது. எங்கள் ஊர் லாட்ஜ்களில் அந்த எழுத்து இல்லை. அதற்குப் பிறகு வருகிறேன்.

இப்போது எனக்கு ஏன் சிரிப்பு வருவதில்லை என்ற கதை. ஒரு சித்திரை மாதச் சனிக்கிழமை. சென்னையிலிருந்து ஒரு குடும்பம், திருநள்ளாறு போக வந்தவர்கள். மூன்றாவது மாடியில் ரூம். அதற்கு மேல் மொட்டை மாடி, அடுப்பு மாதிரிக் காயும். நாய் இருப்பதாக அவர்கள் சொல்லவில்லை. குட்டி ரகம்தான், ஷிட்சு. தோள் பையில் வைத்துக் கொண்டுபோய்விட்டார்கள். மறுநாள் காலையில் நாயை ரூமிலேயே வைத்துப் பூட்டிவிட்டு, உள்ளூர்க் கோயில்களுக்குக் கிளம்பிவிட்டார்கள். ஏசி ஓடிக்கொண்டிருக்கிறது, நாய் சொகுசாகத் தூங்கும் என்று நினைத்திருப்பார்கள். ஆனால் லாட்ஜ் சாவியோடு ஒரு பிளாஸ்டிக் பட்டை தொங்குமே, அதைச் சுவரில் சொருகினால்தான் ரூமுக்குக் கரண்ட். சாவியை எடுத்துக்கொண்டு பூட்டின அடுத்த நிமிஷம் ஃபேன், ஏசி எல்லாம் அவுட்.

ஒரு மணி நேரத்தில் உள்ளேயிருந்து முனகல், பிறகு கதவைப் பிறாண்டும் சத்தம். ரூம் பாய் ஓடினார். ரூம் பாய் என்றால் பையன் இல்லை, ஐம்பது வயது மனிதர். "யாரோ புள்ளைய உள்ள வெச்சிப் பூட்டிட்டுப் போயிட்டாங்க போலருக்கு" என்றுதான் மாற்றுச் சாவியை வாங்கிக்கொண்டு போனார். ரூமில் நாய் இருப்பது தெரியாதே! கதவைத் திறந்ததும் மிரண்டு போயிருந்த நாய் பாய்ந்து கெண்டைக்காலில் ஒரு கடி. தோல் கிழிந்து ரத்தம்.

குடும்பம் திரும்பி வந்தது. "அது ஒண்ணும் பண்ணாதுங்க, இதுவரைக்கும் யாரையுமே கடிச்சதில்லை" என்றார்கள். ஊசி? "அதெல்லாம் போட்டிருக்கு." கார்டு? சென்னையில் வீட்டில் இருக்கிறதாம். ஐந்நூறு ரூபாயை மாமா மேஜையில் வைத்துவிட்டு மதியமே ரூமைக் காலி செய்துவிட்டார்கள்.

அடுத்து நடந்ததுதான் முக்கியம். அவர் அரசு ஆஸ்பத்திரிக்குப் போனார். ஊசி இலவசம்தான். ஆனால் முதல் நாள், மூன்றாம் நாள், ஏழாம் நாள், இருபத்தெட்டாம் நாள் என்று நாலு தடவை போக வேண்டும். ரத்தம் வந்த கடி என்பதால் முதல் நாளே காயத்தைச் சுற்றி வேறொரு மருந்தும் போட்டார்கள். போய் வரிசையில் நின்று திரும்புவதற்குள் ஒவ்வொரு தடவையும் அரை நாள் போய்விடும். கடித்த நாய் பத்து நாள் நல்லபடியாக இருந்தால் அதற்கு ரேபிஸ் இல்லை என்று தெரிந்துவிடும். டாக்டர்கள் அதைக் கேட்டுக்கொண்டு, மிச்ச ஊசி தேவையா என்று முடிவு செய்வார்கள். ஆகவே நாய்க்காரர் செய்ய வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று: பத்து நாள் போனை எடுத்து, "நல்லாருக்குங்க, சாப்பிடுது" என்று சொல்வது. ரெஜிஸ்டரில் இருந்த நம்பருக்கு மாமா மூன்று தடவை போட்டுப் பார்த்தார். யாரும் எடுக்கவில்லை. அந்த மனிதர் ஒரு மாதம் கைக்கடிகாரம் பார்க்கிற மாதிரி தன் காலைப் பார்த்துக்கொண்டிருந்தார். ரேபிஸ் அறிகுறி தெரிந்த பிறகு பிழைத்தவர்கள் உலகத்திலேயே விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள்தான் என்பது அவருக்குத் தெரியும். உலகம் முழுக்க ரேபிஸால் சாகிறவர்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இந்தியாவில்தான் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அது நமக்குச் செய்தி, அவருக்கு ராத்திரித் தூக்கம்.

அன்றைய டே புக்கை எழுதினவன் நான். அந்த ரூம் வாடகை வழக்கம்போல வரவில் ஏறியது. அவர் காலுக்கு எந்தத் தலைப்பிலும் இடம் இல்லை.

பழைய ஃபார்வர்டு மெயில் ஒன்று உங்களுக்கும் வந்திருக்கும். ஒருவர் ஓட்டலுக்குக் கடிதம் எழுதி, நாயைக் கூட்டிவரலாமா என்று கேட்பார். முதலாளி பதில் எழுதுவார்: இத்தனை வருஷத்தில் எந்த நாயும் துண்டைத் திருடியதில்லை, குடித்துவிட்டு ரகளை செய்ததில்லை, பில் கட்டாமல் ஓடியதில்லை; உங்கள் நாய் வரட்டும், அது ஜாமீன் கொடுத்தால் நீங்களும் வரலாம். படிக்க நன்றாகத்தான் இருக்கும். பாதி உண்மையும்கூட. பெட்ஷீட்டில் சிகரெட் ஓட்டை போட்டவர்கள், வாந்தி எடுத்து மெத்தையையே தூக்கி எறிய வைத்தவர்கள் எல்லாரும் ரெண்டு கால் பிராணிகள்தான். அவர்களுக்கெல்லாம் ஆதார் கார்டைப் பார்த்துவிட்டு ரூம் கொடுத்துவிடுகிறார்கள். நாய் என்றதும் "கிடையாது".

ஆனால் அந்த மெயிலில் எனக்கு ஒரு குறை. கடிதம் எழுதியது முதலாளி. மெத்தையைத் தட்டுகிறவர், கட்டிலுக்கு அடியில் குனிந்து கூட்டுகிறவர், பக்கெட்டைக் கழுவுகிறவர் யாரையும் யாரும் கேட்கவில்லை. நாயோடு தங்குவதில் நாகரிகம் என்று ஒன்று இருந்தால் அதை முதலில் அவருக்குத்தான் காட்ட வேண்டும். பக்கத்து ரூம்காரர் சத்தம் போடுவார், மேனேஜர் டெபாசிட்டைப் பிடித்துக்கொள்வார். இவருக்கு வாயும் கிடையாது, டெபாசிட்டும் கிடையாது. உள்ளே நாய் இருக்கிறது என்ற தகவல் ஒன்றுதான் அவருக்கு இருக்கிற பாதுகாப்பு. மறைத்து ஏற்றுகிறவர்கள் அதையும் பிடுங்கிக்கொள்கிறார்கள்.

ரூம் மறுத்தவுடன் சிலர் எடுக்கிற ஆயுதம் ஒன்று இருக்கிறது. "இது பாகுபாடு! இது ஒரு வகைத் தீண்டாமை!" இதைக் கேட்டால் எனக்குக் கொஞ்சம் சூடாகிவிடும். ஓட்டல் வாசலில் மனிதர்களையே தரம் பிரித்த ஊர் இது. ரயில்வே ஸ்டேஷன் சாப்பாட்டு விடுதிகளில் பிராமணர்களுக்குத் தனி இடம் என்றிருந்தது 1941-ல்தான் ஒழிந்தது. ஓட்டல் போர்டில் இருந்த 'பிராமணாள்' என்ற சொல்லை எடுக்கச் சொல்லி 1957-ல் திருவல்லிக்கேணி முரளி கபே வாசலில் பெரியாரின் ஆட்கள் நாள் தவறாமல் மறியல் செய்து கைதானார்கள். டெல்டா கிராமங்களின் டீக்கடைகள் இரட்டைக் குவளை பார்த்தவை. சாதி, மதம் சொல்லி யாரையும் ஓட்டலுக்குள் விடாமல் தடுக்கக் கூடாது என்று அரசியல் சட்டத்தின் 15-வது பிரிவு சொல்வது அந்த மனிதர்களுக்காக. நம்ம லேப்ரடாருக்கு ஏசி ரூம் கிடைக்காததை அதோடு சேர்த்துப் பேசாதீர்கள். பார்வையற்றவர் வழிகாட்டி நாயோடு வந்தால் அது வேறு கதை. அங்கே நாயைத் தடுத்தால் மனிதரையே தடுத்த மாதிரி. பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் அதற்குச் சட்டமே இருக்கிறது. நாம் ஆசைக்கு வளர்க்கிற நாய்க்கு "முடியாது" என்று சொல்ல லாட்ஜ்காரருக்கு உரிமை உண்டு. சொன்னால் அடுத்த லாட்ஜைப் பார்க்க வேண்டியதுதான்.

ஜனங்கள் பயப்படுவதற்கும் காரணம் இருக்கிறது. 2024 மே மாதம் சென்னையில் ஒரு பூங்காவில் ஐந்து வயதுக் குழந்தையை இரண்டு ராட்வைலர் நாய்கள் கடித்துக் குதறின. அதே வருஷம் மார்ச்சில் மத்திய அரசு இருபத்து மூன்று வகை நாய்களைத் தடை செய்யச் சொல்லிக் கடிதம் போட்டு, ஏப்ரலில் கர்நாடக உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. 2025-ல் தெருநாய் விவகாரம் உச்ச நீதிமன்றத்துக்கே போய், ஆகஸ்டில் ஒரு உத்தரவு, அடுத்த பத்து நாளில் அதில் ஒரு மாற்றம், நவம்பரில் பள்ளி, ஆஸ்பத்திரி, பஸ் ஸ்டாண்டு வளாகங்களிலிருந்து நாய்களை அகற்றச் சொல்லி இன்னொன்று. வீட்டுக்கு வீடு இதே பேச்சு. இந்த நேரத்தில் லிஃப்டில் ஒரு அம்மா நாயைப் பார்த்துச் சுவரோடு ஒட்டிக்கொண்டால், "அது ஒண்ணும் பண்ணாது" என்று சிரிக்காதீர்கள். நீங்கள் வெளியே வந்து அடுத்த லிஃப்டில் போங்கள். பயத்துக்கு விளக்கம் சொல்லி ஆகப்போவது ஒன்றும் இல்லை.

தீட்டு என்று சொல்கிறவர்களும் உண்டு. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. தேய்பிறை அஷ்டமிக்கு பைரவருக்கு மாலை போட்டுவிட்டு வருகிறார்கள். பைரவர் வாகனமே நாய்தான். கல் நாயைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு வந்து, ரூம் வாசலில் நிஜ நாயைப் பார்த்ததும் "அபச்சாரம்" என்றால் சிரிப்பு வருமா வராதா? :-) ஆனாலும் அந்த அம்மாவும் வாடகை கொடுத்திருக்கிறார். விடியற்காலையில் குளித்துவிட்டு ஈரத்தலையோடு கோயிலுக்குக் கிளம்பும்போது நம்ம நாய் போய் முந்தானையை நக்கினால், அவர் திரும்பப் போய்க் குளிப்பார். அவர் நம்பிக்கையை நான் ஏற்க வேண்டியதில்லை. அவரை ரெண்டாம் தடவை குளிக்க வைக்கிற உரிமையும் எனக்கு இல்லை. விடிகாலை மூன்றரையிலிருந்து ஆறு வரை நாயைக் காரிடார் பக்கம் கூட்டிவராமல் இருந்தால் போதும், பிரச்சினையே இல்லை.

நாயோடு வந்து ரூம் மறுக்கப்பட்டவர்களில் பெரிய ஆள் தருமர்தான். மகாபாரதக் கடைசியில் தம்பிகளும் பாஞ்சாலியும் வழியிலேயே விழுந்துவிட, கூட வந்தது ஒரு நாய் மட்டும். இந்திரன் ரதத்தோடு வந்து, "நீ ஏறு, நாய்க்கு அங்கே இடமில்லை" என்கிறான். தருமர் என்ன செய்தார்? வேட்டிக்குள் மறைத்து ஏற்றவில்லை. "என்னை நம்பி வந்ததை விட்டுவிட்டு வர மாட்டேன், இடமில்லை என்றால் எனக்கும் சொர்க்கம் வேண்டாம்" என்று முகத்துக்கு நேரே சொன்னார். வாதாடினார். திரும்பிப் போகவும் தயாராக இருந்தார். நாயை விடாமலும் இருக்கலாம், பொய் சொல்லாமலும் இருக்கலாம் என்பதற்கு இதைவிடப் பழைய உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

சரி, சொல்லிவிட்டு வருகிறோம், ரூமும் கிடைத்துவிட்டது என்று வையுங்கள். பிறகு? சங்கிலி, மலத்தை அள்ள ஒரு பேப்பர் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். நான் கவுன்ட்டரில் பார்த்த வரை, யாரும் யோசிக்காத சிலதை மட்டும் சொல்கிறேன்.

நாயைத் தனியாக ரூமில் விடவே விடாதீர்கள். கரண்ட் கதையைத்தான் சொன்னேனே. கரண்ட் இருந்தாலும் புது இடம், புது வாசனை, காரிடாரில் காலடிச் சத்தம். வீட்டில் வாயே திறக்காத நாய்கூட அங்கே ஊளையிடும். கோயிலுக்கு முறை வைத்துப் போங்கள், ஒருத்தர் நாயோடு இருக்கட்டும். காரில் விட்டுவிட்டுப் போகலாமே என்று தோன்றும். பெரிய கோயிலுக்கு எதிரே வெயிலில் நிற்கும் கார்களில் நான் பார்த்திருக்கிறேன். வெளியே 35 டிகிரி என்றால் மூடின காருக்குள் அரை மணி நேரத்தில் 50-ஐத் தாண்டிவிடும். கண்ணாடியை ரெண்டு விரல்கட்டை இறக்கி வைப்பதால் பெரிய வித்தியாசம் வராது. ராஜராஜன் கட்டின கோயிலை அரை மணி நேரத்தில் பார்த்துவிட்டு வந்த ஆளையும் நான் பார்த்ததில்லை.

லாட்ஜ் தட்டில் நாய்க்குச் சோறு வைக்காதீர்கள். அந்தத் தட்டு நாளைக்கு இன்னொருவருக்கு டிபனோடு போகும். வீட்டிலிருந்து ஒரு கிண்ணம் கொண்டுவர என்ன கஷ்டம்? அதே மாதிரி லாட்ஜ் துண்டால் நாயைத் துவட்டுவது, குளிக்கிற மக்கால் அதற்குத் தண்ணீர் ஊற்றுவது. செய்கிறார்கள் என்பதால்தான் சொல்கிறேன். கட்டிலில் படுத்தே பழகின நாய் என்றால் வீட்டுப் பழைய போர்வையை விரித்துவிடுங்கள்.

உண்ணி. இதை மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். முடி கொட்டினால் கூட்டிவிடலாம், நாற்றம் அடித்தால் ஜன்னலைத் திறந்து வைக்கலாம். நாய் உண்ணி அப்படிப் போகாது. வீட்டுக்குள்ளேயே முட்டை, குஞ்சு, பெரிசு என்று மொத்த வாழ்க்கையையும் ஓட்டக்கூடிய ஜந்து அது. ரத்தம் குடித்து வீங்கின பெண் உண்ணி நாயிலிருந்து இறங்கி, சுவர் விரிசலிலோ கட்டில் சந்திலோ ஆயிரக்கணக்கில் முட்டை இடும். நீங்கள் காலி செய்து போன பிறகு ஒரு நாள் அதெல்லாம் பொரிக்கும். அப்புறம் அந்த ரூமைப் பூட்டி மருந்தடிக்க வேண்டியதுதான். லாட்ஜ் ரூம் என்பது தக்காளி மாதிரி. இன்றைக்கு விற்காத ரூமை நாளைக்குச் சேர்த்து விற்க முடியாது. வாடகை 1,500 என்று வைத்துக்கொண்டால் பத்து நாளைக்கு 15,000. அதுவும் முகூர்த்த நாட்களில் பூட்டிக் கிடந்தால் மாமா மாதிரி ஆட்களுக்கு முதலாளியிடம் பதில் சொல்ல முடியாது. கிளம்புவதற்கு நாலு நாள் முன்பே மாட்டாஸ்பத்திரியில் காட்டி மருந்து போட்டு, காது மடல், கால் விரல் இடுக்கு எல்லாம் பார்த்துவிட்டுக் கூட்டிவாருங்கள். ரேபிஸ் ஊசிக் கார்டையும் எடுத்து வாருங்கள், செல்போனில் படமாக இருந்தாலும் போதும்.

லாட்ஜுக்கு வெளியே இன்னொரு உலகம். பட்டணத்து நாய்க்கு வயல்வெளியைப் பார்த்தால் தலைகால் புரியாது, அதன் சொந்தக்காரருக்கும் அப்படித்தான். காரை ஓரம் கட்டி அவிழ்த்து விடுவார்கள். தை, மாசியில் வந்து பாருங்கள். சம்பா அறுவடை முடிந்து ரோட்டில் நெல் காயும். கொள்முதல் நிலையத்து வாசலில் ஈரப்பதம் இறங்க வேண்டும் என்று தார்ப்பாயை விரித்து நாள்கணக்கில் காத்திருப்பார்கள். அந்தக் குவியல் ஓரத்தில் நாய் காலைத் தூக்கும். நமக்கு அது ஒரு மேடு. அவருக்கு ஆறு மாதம். அறுத்த வயலில் வாத்து மேயும், ஆட்டுக்கிடை போட்டிருப்பார்கள். நூற்றுக்கணக்கான வாத்து ஒரே கூட்டமாகப் போவதைப் பார்த்த லேப்ரடார் சும்மா நிற்குமா? துரத்தும். சிதறின வாத்தை ஒன்று சேர்க்க அந்த ஆளுக்கு ஒரு பொழுது போய்விடும். அவர் திட்டினால் "படிக்காத ஜனங்க" என்பார்கள் நம்ம ஆட்கள்.

காவிரியில் தண்ணீர் ஓடும் காலத்தில் படித்துறையில் நாயைக் குளிப்பாட்டுவதும் இந்த ரகம்தான். அவ்வளவு நீள ஆற்றில் மனிதர்கள் இறங்குகிற நாலு படிதானா கிடைத்தது? கொஞ்சம் தள்ளி, ஆளில்லாத, மாடு குளிப்பாட்டுகிற இடத்துக்குப் போகலாம். அங்கேயும் சுழல் இருக்கிறதா என்று உள்ளூர்க்காரரைக் கேட்டுவிட்டு. தெருநாய்களை மறந்துவிட வேண்டாம். ஒவ்வொரு சந்துக்கும் ஒரு கோஷ்டி. வெளியூர் நாய் வந்தால் பஞ்சாயத்தைக் கூட்டிவிடும், தெருவே எழுந்து உட்காரும்.

மிருகத்தோடு பயணம் போவது நமக்குப் புதுசு இல்லை. மாட்டு வண்டி கட்டிக்கொண்டு ராமேஸ்வரம் போன காலம் ஒன்று இருந்தது. அந்தப் பாதையில்தான் தஞ்சாவூர் மராட்டிய ராஜாக்கள் சத்திரம் சத்திரமாகக் கட்டினார்கள். இரண்டாம் சரபோஜி கட்டின முத்தாம்பாள் சத்திரம் ஒரத்தநாட்டில் இன்னும் நிற்கிறது. வண்டியை அவிழ்த்தால் முதலில் மாட்டுக்குத் தண்ணீர் காட்டி வைக்கோல் போட்டுவிட்டுத்தான் மனிதன் கை கால் கழுவுவான். மாட்டுக்கு மாட்டின் இடம், மனிதனுக்குத் திண்ணை. மாட்டைப் போர்வைக்குள் மறைத்துத் திண்ணையில் ஏற்ற வேண்டிய அவசியம் யாருக்கும் வரவில்லை, ஏனென்றால் மாட்டுக்கு ஒரு இடம் இருந்தது.

இங்கேதான் லாட்ஜ்காரர்களிடம் வருகிறேன். மாமாவிடமும் இதே சண்டைதான். "நாயா? கிடையாது" என்று ஒரே வார்த்தையில் போனை வைத்துவிட்டால் எல்லாம் முடிந்ததா? இருநூற்றைம்பது, முந்நூறு கிலோமீட்டர் காரில் வந்தவர் ராத்திரி ஒன்பது மணிக்கு நாயை எங்கே கொண்டுபோய் விடுவார்? பொய் சொல்வார். தோள் பை வாங்குவார். நாம் கதவைச் சாத்தச் சாத்தத் திருட்டுத்தனமாக வருகிற நாய்தான் கூடும். திருட்டுத்தனமாக வந்த நாய்க்குக் கார்டு கேட்க முடியாது, தனிக் கட்டணம் வாங்க முடியாது, உள்ளே இருக்கிறது என்று ரூம் பாய்க்குச் சொல்லவும் முடியாது.

கீழ்த்தளத்தில் கார் நிறுத்துகிற பக்கமாக ரெண்டு ரூமை ஒதுக்குங்கள். சாதாரண டைல்ஸ் தரை, இரும்புக் கட்டில், துணி சோபா எதுவும் வேண்டாம். நாய்க்கு ஒரு கட்டணம், திருப்பிக் கொடுக்கிற டெபாசிட் ஒன்று, ஊசிக் கார்டு கட்டாயம், தனியாக விட்டுப் போகக் கூடாது. இதை ஒரு போர்டில் எழுதி மாட்டி, நெட்டில் ரூம் விற்கிற இடத்திலும் போடுங்கள். டெபாசிட் என்பது வருமானம் இல்லை, கடன். கணக்கில் பொறுப்புப் பக்கம் நிற்க வேண்டியது. இதை மாமாவுக்கு ரெண்டு தடவை சொல்லியாகிவிட்டது :-) அமெரிக்காவில் மோட்டல் 6 மாதிரி மலிவு விடுதிகளே ரொம்ப காலமாக நாயோடு வருகிறவர்களுக்கு இடம் கொடுத்து வியாபாரம் செய்கின்றன. நஷ்டத்துக்கா செய்கிறார்கள்? மாமா இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை. "நீ படிச்சு முடிச்சிட்டு லாட்ஜ் கட்டு, அதுல யானையக்கூடத் தங்க வை" என்கிறார். 2028-ல் மகாமகம் வருகிறது, அதற்குள் கேட்டுப் பார்க்கிறேன். (மகாமகத்துக்கு மட்டும் தயவுசெய்து நாயைக் கூட்டிவராதீர்கள். அந்தக் கூட்டத்தில் மனிதனுக்கே கால் வைக்க இடமிருக்காது.)

காலி செய்கிற நாளைக்கு ஒரு வார்த்தை. கிளம்பும் முன் ஒரு ஈரத்துணியால் மெத்தை, தலையணை மேல் ஒரு இழுப்பு இழுத்தால் பாதி முடி வந்துவிடும். பிறகு ரூம் பாயைக் கூப்பிட்டு, "நாய் இருந்த ரூம்ணே, கட்டிலுக்கு அடியில ஒரு தடவை பாத்துக் கூட்டிடுங்க" என்று சொல்லிவிட்டு, ஒரு இருநூறு ரூபாயை அவர் கையிலேயே கொடுங்கள். கவுன்ட்டரில் கொடுக்க வேண்டாம். கவுன்ட்டரில் கொடுத்தால் அது எந்தத் தலைப்பில் போகும் என்று எனக்குத் தெரியும், கணக்கு எழுதுகிறவன் நான்தானே.